டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? முதல் கேமரா வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முதல் கேமராவாக எதை வாங்குவது?

கடையில் புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ். கையில் காசு குறைவு, வீடியோ முக்கியமில்லை, படம் எடுத்தால் போதும் என்றால் நல்ல நிலையில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், கூடவே ஒரு 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ். புது டிஎஸ்எல்ஆரை முழு விலை கொடுத்து வாங்க இன்றைக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே அதற்கான லென்ஸ்கள் கிடந்தால் மட்டும் யோசிக்கலாம், அப்போதுகூடப் பழைய பாடியே (லென்ஸ் நீங்கலான கேமரா) போதும்.

இரண்டுக்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும், படம் பதியும் சில்லான சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பிவிட, அங்கிருந்து அது வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது, ஷட்டர் திறந்து மூடுகிறது, கண்ணாடி மறுபடி கீழே இறங்குகிறது. அந்தக் 'கடக்' சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது.

மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. ஒளி எப்போதும் நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதைத்தான் பின்பக்கத் திரையிலோ, கண்ணை வைத்துப் பார்க்கும் குட்டித் திரையிலோ நீங்களும் பார்க்கிறீர்கள். இப்படி ஒரு கேமராவை லென்ஸ் மாற்றும் வசதியோடு முதலில் கொண்டுவந்தது பானசோனிக். 2008-இல் வந்த ஜி1 அது.

கண்ணாடி போனதும் அது அசைவதற்கான இடமும் தேவையில்லாமல் போனது. கேனானின் டிஎஸ்எல்ஆர் மவுண்டில் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம். நிக்கானில் 46.5 மி.மீ. மிரர்லெஸ் மவுண்ட்களில் கேனான் ஆர்எஃப் 20, சோனி இ 18, நிக்கான் இசட் 16 மி.மீ. மட்டுமே. பாடி ஒல்லியானது இதனால்தான். பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மிரர்லெஸ்ஸில் பூட்ட முடிவதும், மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் பூட்ட முடியாததும் இதே காரணத்தால்தான்.

மிரர்லெஸ்ஸில் படம் இன்னும் தெளிவாக வருமா?

வராது. பட்டனை அழுத்திய நொடியில் இரண்டும் ஒன்றுதான்: லென்ஸ், ஷட்டர், சென்சார். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் இரண்டிலும் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார்தான் இருக்கிறது. நிக்கான் டி3500, கேனான் 1500டி, சோனி ஏ6400, கேனான் ஆர்50 எல்லாமே 24 மெகாபிக்சல் வகையறா. ஒரே மாதிரி லென்ஸ் போட்டு, ஒரே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) எடுத்து, படங்களைக் கலைத்துப் போட்டால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

ஆகவே விளம்பரத்தில் மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். வித்தியாசம் படத்தின் தரத்தில் இல்லை. நீங்கள் நினைத்த படம் எத்தனை தடவைக்கு ஒரு தடவை கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. அதாவது ஃபோகஸில்.

ஃபோகஸில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லாத விஷயமும் இதுதான்.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது சென்சார் அல்ல. கண்ணாடியின் நடுப்பகுதி ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்னால் உள்ள இன்னொரு குட்டிக் கண்ணாடி அந்த ஒளியைக் கேமராவின் அடிப்பகுதியில் உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. அது அளக்கிறது, லென்ஸ் நகர்கிறது. வேகமான முறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அளக்கும் இடம் ஒன்று, படம் பதியும் இடம் வேறொன்று. இரண்டு தூரமும் துல்லியமாக ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதில் போய் விழும். கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸில் இது தெரியாது. எஃப் 1.8 லென்ஸை (எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சர் பெரிது) முழுதாகத் திறந்து ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். விலையுயர்ந்த டிஎஸ்எல்ஆர்களில் இதைச் சரிசெய்ய மெனுவில் வசதி உண்டு. 1500டி, டி3500 போன்றவற்றில் கிடையாது; சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

மிரர்லெஸ்ஸில் படம் பதியும் அதே சென்சார்தான் ஃபோகஸையும் அளக்கிறது. இந்தப் பிசகுக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்தது ஃபோகஸ் புள்ளிகள். 1500டியில் 9, டி3500இல் 11, அதுவும் நடுவில் கும்பலாக. ஓரத்தில் நிற்கும் ஆளுக்கு ஃபோகஸ் வேண்டுமென்றால் நடுவில் வைத்துப் பூட்டி, பிறகு கேமராவை நகர்த்த வேண்டும். 2014-இல் வந்த சோனி ஏ6000இலேயே 179 புள்ளிகள் சட்டம் முழுக்கப் பரவியிருந்தன. இப்போதைய மிரர்லெஸ்களில் கேமராவே கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுக்க முயன்றவர்களுக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆர்தான். ஆனால் அதில் திரையைப் பார்த்து எடுக்கும்போது சென்சாரே ஃபோகஸ் அளக்கிறது, கண்ணையும் கண்டுபிடிக்கிறது. அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட மிரர்லெஸ்ஸாகவே மாறிவிடுகிறது. டி3500இலும் 1500டியிலும் திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் தடவித் தடவி வரும், எரிச்சலாக இருக்கும்.

உண்மையான கண்ணாடி வழியாகப் பார்ப்பது நன்றாக இருக்கும் என்கிறார்களே?

நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலை உயர்ந்த கேமராவில். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் எடையையும் விலையையும் குறைக்க, கனமான பட்டகத்துக்குப் பதில் சின்னக் கண்ணாடிகளைக் கூடு மாதிரி ஒட்டியிருப்பார்கள். காட்சி சிறியதாக, கொஞ்சம் மங்கலாக, குகைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். போதாக்குறைக்குப் படத்தில் வரப்போவதில் 95 சதவீதம்தான் தெரியும். ஓரத்தில் நுழைந்த மின்கம்பத்தைப் பிறகு திரையில்தான் கவனிப்பீர்கள்.

மின்னணு வியூஃபைண்டரில் முழுச் சட்டமும் தெரியும், வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் எடுப்பதற்கு முன்பே தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவைத் திருகும்போதே அது என்ன செய்கிறது என்று கண்ணெதிரே பார்க்கலாம். இருட்டில் மட்டும் மின்னணுத் திரை புள்ளி புள்ளியாக நடுங்கும். தொடர்ச்சியாகச் சுடும்போது காட்சி கொஞ்சம் பின்தங்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம், சில சின்ன மிரர்லெஸ்களில் வியூஃபைண்டரே கிடையாது. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டும் அப்படித்தான். வீடியோ எடுப்பவர்களுக்காகச் செய்தவை அவை. நம்மூர் நண்பகல் வெயிலில் பின்திரையை மட்டும் நம்பிப் படம் எடுப்பது அவஸ்தை. படம்தான் முக்கியம் என்றால் வியூஃபைண்டர் உள்ள மாடலையே வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் மிரர்லெஸ் மோசம் என்பது உண்மையா?

உண்மை. நிக்கான் டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேனான் ஆர்50க்குத் திரையில் பார்த்து எடுத்தால் சுமார் 310, வியூஃபைண்டரில் பார்த்தால் சுமார் 230. திரையும் சென்சாரும் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் இப்படி. நடைமுறையில் இதைவிடக் கூடவே எடுக்கலாம், ஆனாலும் இடைவெளி பெரியதுதான். ஒரு கூடுதல் பேட்டரியைக் கேமரா விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள். அதில் அடங்கிவிடும் பிரச்சினை இது. புதிய மிரர்லெஸ்களை யுஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கிலிருந்து சார்ஜ் செய்ய முடிவதும் ஒரு ஆறுதல். ஆனால் எல்லா பவர் பேங்கும் ஒத்துவராது, பிடி (பவர் டெலிவரி) வசதி உள்ளதாகப் பாருங்கள்.

சிறியது, இலேசானது என்பதற்காகவே மிரர்லெஸ் வாங்கலாமா?

எடைபோட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். டி3500 பாடி பேட்டரி, கார்டோடு 415 கிராம். 18-55 கிட் லென்ஸ் 205 கிராம். மொத்தம் 620. ஆர்50 பாடி 375, அதன் 18-45 கிட் லென்ஸ் 130. மொத்தம் 505. மிச்சம் 115 கிராம்தான். அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எடையைவிடப் பருமன்தான் முக்கியம். சோனி ஏ6400இல் சுருங்கி உள்ளே போகும் 16-50 லென்ஸைப் போட்டால் ஒரு சாதாரணக் கைப்பைக்குள் போய்விடும். டிஎஸ்எல்ஆருக்குத் தனிப் பை வேண்டும், தனிப் பை என்றாலே பாதி நாள் அது வீட்டிலேயே இருந்துவிடும். ஆனால் பெரிய கை உள்ளவர்களுக்குச் சின்ன பாடியைப் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, பெரிய ஜூம் போட்டால் முன்பாரம் இழுக்கும். கடையில் பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்த யூடியூப் விமர்சனமும் இல்லை.

வீடியோவும் எடுப்பேன் என்றால்?

அப்புறம் பேச்சே இல்லை, மிரர்லெஸ்தான். 1500டியிலும் டி3500இலும் முழு எச்டி மட்டுமே, வெளி மைக் செருகும் துளைகூட இல்லை. 200டி மார்க் 2இல் மைக் துளை உண்டு, 4கே-யும் உண்டு. ஆனால் 4கே போட்டால் காட்சி வெட்டப்பட்டுக் குறுகிவிடும், நல்ல ஃபோகஸும் போய்விடும்.

அதற்காக மிரர்லெஸ் என்று எழுதியிருந்தாலே நல்லது என்று இல்லை. கேனான் ஆர்100 மலிவு, மிரர்லெஸ்தான். ஆனால் 4கே-யில் அதே வெட்டு, அதே ஃபோகஸ் குறை. திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. அதே 2023-இல் வந்த ஆர்50 முழு அகலத்துக்கு 4கே எடுக்கும். இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை நான் தயங்காமல் கொடுப்பேன். சோனி ஏ6000 படத்துக்கு அருமையான கேமரா. வீடியோவுக்கு மைக் துளை இல்லை, 4கே-யும் இல்லை.

லென்ஸ்தான் முக்கியம் என்கிறார்கள். எந்தப் பக்கம் லென்ஸ் அதிகம்?

பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். லென்ஸ் பத்துப் பதினைந்து வருடம் உங்களோடு வரும். அதனால் பாடியை அல்ல, மவுண்டைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

டிஎஸ்எல்ஆர் பக்கம் சந்தை நிறைய லென்ஸ் கிடக்கிறது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்து இருக்கிறது, கேனானின் இஎஃப் 1987-இலிருந்து. பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் இவை பழைய விலையில் பாதிக்கும் குறைவாகக்கூடக் கிடைக்கின்றன. கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கான் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, கேனான் 55-250 எஸ்டிஎம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யலாம்.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று பெயரில் வெறும் 'டி' போட்ட பழைய 50 மி.மீ. லென்ஸை வாங்கிப் பூட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிக்கானின் மிரர்லெஸ் அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை, அங்கேயும் இதே கதைதான்.

மிரர்லெஸ்ஸில் ஏபிஎஸ்-சி லென்ஸ் வகையில் சோனி முன்னால் இருக்கிறது. சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. எஃப் 1.4 மூன்றும் விலைக்கு மிஞ்சிய லென்ஸ்கள். கேனான் தன் ஆர்எஃப் கதவை வெகுநாள் பூட்டியே வைத்திருந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களோடு உள்ளே வந்தன. ஆனால் கேனானில் ஒரு பெரிய சௌகரியம்: பழைய இஎஃப் லென்ஸ்கள் எல்லாம் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே வேலை செய்யும். அண்ணனிடமோ மாமாவிடமோ பழைய கேனான் லென்ஸ் இருந்தால் அதையே ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

கிட் லென்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எல்ஆரின் 18-55 பெரும்பாலும் எஃப் 3.5-5.6. ஆர்50இன் 18-45 லென்ஸ் எஃப் 4.5-6.3. அளவு சிறியதாக வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில், வீட்டுக்குள், இது நன்றாகவே உறைக்கும். ஆகவே மிரர்லெஸ் வாங்கிவிட்டுக் கிட் லென்ஸோடு நிற்பவரைவிட, பழைய டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 போட்டவர் இரவில் நல்ல படம் எடுப்பார்.

மலிவாக விற்கும் பழைய மிரர்லெஸ் மாடல்களில் தவிர்க்க வேண்டியது?

மவுண்டே முடிந்துபோனவை. கேனான் எம்50 ஒருகாலத்தில் யூடியூபர்கள் எல்லோர் கையிலும் இருந்தது. ஆனால் அதன் இஎஃப்-எம் மவுண்டைக் கேனான் கைவிட்டுவிட்டது. அதன் லென்ஸ்கள் புதிய ஆர் வரிசையில் பொருந்தாது. நிக்கான் 1, சாம்சங் என்எக்ஸ் இரண்டும் அதற்கு முன்பே மூடப்பட்டவை. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், இருக்கும் லென்ஸே போதும் என்றால், வாங்கலாம். அதற்குமேல் ஒரு ரூபாய் அதில் போடாதீர்கள்.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டதா?

புதிய மாடல்களைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஜப்பானின் கேமரா நிறுவனங்கள் சேர்ந்த சிபா அமைப்பின் கணக்கில் 2020-இலேயே மிரர்லெஸ் விற்பனைக்குப் போன எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டிவிட்டது. கேனானும் நிக்கானும் கடைசியாகப் புது டிஎஸ்எல்ஆர் அறிமுகம் செய்ததும் அதே வருடம்தான். டி3500, டி5600 உற்பத்தி நின்றுவிட்டது. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக டிஎஸ்எல்ஆரையே செய்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது, ஆனால் இங்கே லென்ஸ் கிடைப்பது சிரமம்.

காலம் முடிந்தது என்றால் வேலை செய்யாது என்று பொருளில்லை. 2018-இல் நல்ல படம் எடுத்த கேமரா இன்றும் அதே படத்தை எடுக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் லென்ஸ். கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல, வேர் போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. எத்தனை ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசி இருப்பது சகஜம், படத்தில் தெரியாது.

அடுத்து சென்சார். அப்பெர்ச்சரை எஃப் 16க்கு வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. சுத்தம் செய்தால் போய்விடும், விலை பேச உதவும். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில நொடி எக்ஸ்போஷர் கொடுத்தால், வண்ணப் புள்ளிகளாகக் கெட்டுப்போன பிக்சல்கள் தெரியும்.

பிறகு ஷட்டர் எண்ணிக்கை. ஆரம்பநிலை பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் தடவை அளவுக்கு உழைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் ஓடும், முன்பே நிற்கவும் செய்யலாம். நிக்கானில் புதிதாக எடுத்த ஒரு படக் கோப்பிலேயே அந்த எண்ணைப் படித்துவிடலாம். கேனான் படத்துக்குள் எழுதுவதில்லை, கம்ப்யூட்டரில் இணைத்து அதற்கான மென்பொருள் வழியாகத்தான் பார்க்க முடியும். 30,000க்குள் இருந்தால் நல்லது. கல்யாண ஸ்டூடியோவில் ஓடிய பாடி என்றால் எண்ணைக் கேட்காமல் பணம் எடுக்காதீர்கள்.

டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொரு சோதனை கட்டாயம்: முன்னே சொன்ன ஃபோகஸ் பிசகு. எழுத்துள்ள ஒரு பக்கத்தைச் சாய்வாக வைத்து, 50 மி.மீ. லென்ஸை முழுதாகத் திறந்து, நடு வரியில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்வரியோ பின்வரியோ தெளிவாக இருந்து நடுவரி மங்கினால், அந்த ஜோடி உங்களுக்கு வேண்டாம்.

ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். 200டி மார்க் 2 போன்ற சில கேனான் பாடிகளில் ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தின் நடுமுனையை எடுத்துவிட்டார்கள். மலிவான மற்ற கம்பெனி ட்ரிகர்கள் (ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) அதில் சுடாது.

கல்யாணம், கோயில் விழா, கச்சேரி போன்ற இடங்களில் எது நல்லது?

கச்சேரியில் மிரர்லெஸ்ஸின் சத்தமில்லாத ஷட்டர் வரப்பிரசாதம். சபாவில் ஆலாபனை நடக்கும்போது டிஎஸ்எல்ஆரைச் சுட்டால் முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஆனால் சத்தமில்லாத ஷட்டரில் இரண்டு சிக்கல் இருக்கிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் வேகமாக அசைந்த பொருள் கோணலாகிவிடும். மிருதங்கக்காரரின் விரலும் வயலின் வில்லும் வளைந்து விழும். இரண்டாவது, எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகம் அதற்கு ஒத்துவராவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடையில் எல்இடி திரை இருந்தால் அதன் துடிப்பு வேறு மாதிரி. அங்கே வேகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மண்டபத்தில் இரவில் ஆட்கள் கூட்டமாக நிற்கும்போது எந்த பாடியாக இருந்தாலும் ஃப்ளாஷ்தான் காப்பாற்றும். கூரையில் அடித்துத் திருப்பும் ஃப்ளாஷ் ஒன்று வாங்குவது, பாடியை அடுத்த மாடலுக்கு உயர்த்துவதைவிட நல்ல செலவு.

பறவைகளைப் படமெடுக்க ஆசை. வேடந்தாங்கலுக்குப் போவேன்.

பறவைக்கு வேண்டியது தூரம், தூரத்துக்கு வேண்டியது நீள லென்ஸ், நீள லென்ஸுக்கு வேண்டியது பணம். இதில் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் இன்னும் பலமாக நிற்கிறது. கேனான் 55-250இன் நீள முனையை, ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்பதால், 1.6ஆல் பெருக்கினால் 400 மி.மீ. பார்வை. கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் நாரைக்கு அது போதும். பறக்கும் பறவைக்கு ஆர்50 போன்றவற்றின் பறவையைக் கண்டுபிடிக்கும் ஃபோகஸ் நிச்சயம் உதவும். ஆனால் சில நொடி தொடர்ந்து சுட்டதும் அது மூச்சு வாங்கும். அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது தூசி, கடலோர ஈரம், பூஞ்சை?

தூசி மிரர்லெஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதல் தொல்லை. லென்ஸைக் கழற்றியதும் சென்சார் வெளியே தெரியும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்திருக்கும். கேமராவை அணைத்துவிட்டு, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றில்லாத இடத்தில் சட்டென்று மாற்றினால் பெரிய பிரச்சினை வராது.

பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லென்ஸை அதன் தோல்பையிலேயே பூட்டி வைத்தால் ஒரு பருவத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர், இவ்வளவு போதும். 40லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பது.

ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிட்டால் பிற்பாடு மாற்ற வேண்டியிருக்காதே?

ஃபுல் ஃப்ரேம் என்பது ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய சென்சார். பாடி விலை ஒருபக்கம், அதன் லென்ஸ் விலைதான் உங்களை உட்காரவைக்கும். முதல் கேமராவுக்கு வேண்டாம்.

ஃபோனே நன்றாக எடுக்கிறதே, இதெல்லாம் தேவையா?

பகல் வெளிச்சத்தில், வைட் ஆங்கிளில், வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதற்கு என்றால் தேவையில்லை, ஃபோனே போதும். கிட் லென்ஸோடு கேமரா வாங்கியவர்கள் பலர் ஏமாந்துபோவது இங்கேதான், ஃபோன் படமே பளிச்சென்று தெரியும். ஃபோனால் முடியாதது தூரம், ஓடும் ஆளை நிறுத்துவது, ஃப்ளாஷ், இயல்பாகப் பின்னணி மங்குவது. இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்றும் தெரிந்துவிடும். ஒன்றுமே வேண்டாம் என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

நான் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும், மிச்சத்தில் ஒரு எஃப் 1.8 லென்ஸ், கூடுதல் பேட்டரி, நல்ல கம்பெனி மெமரி கார்டு. டபுள் ஜூம் கிட் என்று இரண்டு லென்ஸோடு விற்பதை வாங்குவோர் பலர் அந்த நீள ஜூமைப் பத்துத் தடவைகூடப் பூட்டுவதில்லை. விளையாட்டு, பறவை, பள்ளி மேடை நிகழ்ச்சி என்று குறிப்பான தேவை இருந்தால் மட்டும் வாங்குங்கள். கடையில் இலவசமாகத் தரும் லொடலொட ட்ரைபாடையும் ஃபில்டரையும் வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதில் விலையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். சில கடைகளில் குறைப்பார்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரம் குறையும் என்கிறார் கடைக்காரர்.

அது வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த சரக்காக இருக்கும். 'கடை வாரண்டி' என்று ஒரு சீட்டு எழுதித் தருவார்கள், கடை இருக்கும்வரை அது செல்லும். மிரர்லெஸ்ஸில் மின்னணுப் பாகங்கள் அதிகம், பழுது பார்க்கும் செலவும் அதிகம், கம்பெனி வாரண்டி இல்லாமல் வாங்குவது வீண் துணிச்சல். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில்லில் உள்ள வரிசை எண்ணும், கேமராவின் அடியில் உள்ளதும், பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே நின்று சரிபாருங்கள். வாரண்டி அட்டையில் இந்தியா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கிட்டோடு வந்தால் லென்ஸுக்குத் தனி வரிசை எண் உண்டு, அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.